பெட்டியில் இன்னும் ஐஸ் இருக்கிறது

மேலூர் தாண்டி, நாலுவழிச் சாலை வெள்ளைவெளேரென்று நீண்டு கிடந்த இடத்தில்தான் ஜெயக்கொடி தனக்குத் தாகம் எடுக்கிறது என்பதை ஒத்துக்கொண்டாள். எடுத்தது என்னவோ திருமங்கலத்திலேயே. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு, எச்சில் கெட்டியாகி, உதட்டை ஈரப்படுத்தினால் அந்த ஈரமும் ஏசிக் காற்றில் உடனே காய்ந்து போனது. ஆனால் அதற்குத் தாகம் என்று பெயர் வைக்காமல் இருக்கத் தெரிந்த உடம்பு அது. காரில் ஏறிவிட்டால் தாகம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று இத்தனை வருஷம் சாதித்துவந்த உடம்பு. பக்கத்தில் அவள் புருஷன் தனபாலன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிற லாரியை முந்துவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்திலிருந்து ரிட்டயர் ஆன பிறகு கார் ஓட்டுவதுதான் அவருக்கு உத்தியோகம். ‘விருதுநகர்ல எடுத்தா திருச்சிதான், நடுவுல நிறுத்துற சோலியே கிடையாது’ என்று எந்தக் கல்யாண வீட்டில் எவரைப் பார்த்தாலும் சொல்வார். கேட்கிறவரும் ‘அப்படியா!’ என்று வாயைப் பிளப்பார். அதில் பிளப்பதற்கு என்ன இருக்கிறது என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறாள். நிறுத்தாமல் போனார் என்றால் யாருடைய வயிற்றை அடக்கிக்கொண்டு போனார்? பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே, அவள் என்ன செய்தாள் என்று ஒருவராவது கேட்டதுண்டா? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ‘எம் பொண்டாட்டி கார்ல ஏறுனா ஒட்டகம்யா, ஒரு சொட்டுத் தண்ணி கேக்க மாட்டா.’ அதை அவர் ஒரு பெருமையாகத்தான் சொல்வார். அவளும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒட்டகம். பட்டுச்சேலை கட்டின ஒட்டகம்.

பெட்டி பின்னால் இருந்தது. தனபாலனின் சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கிற பள்ளத்தில், வெயில் படாத பக்கமாகப் பார்த்து அவளே இறக்கி வைத்த நீலநிற ஐஸ் பெட்டி, மேலே நனைத்துப் பிழிந்த பழைய போர்வை. கையை நீட்டினால் எட்டும். அதை அடுக்குவதற்கு அவள் எவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டாள் என்பது அவளுக்கே ஆச்சரியம்தான், மகள் கல்யாணத்துக்குச் சீர் அடுக்கினபோதுகூட இத்தனை யோசிக்கவில்லை. தண்ணீர் பாட்டில்களை முக்கால்வாசி மட்டும் நிரப்பி ஃப்ரீசரில் படுக்கப் போட்டிருந்தாள், முழுக்க நிரப்பினால் உறையும்போது வயிறு ஊதி வெடித்துவிடும். குடிக்க வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர வைத்துக்கொண்டாள், சூடானதைப் பெட்டிக்குள் வைத்தால் அதைக் குளிர வைப்பதிலேயே ஐஸ் செத்துவிடும். அடியில் உறைந்த பாட்டில், அதன்மேல் மோர், எலுமிச்சைச் சாறு, நன்னாரி, இளநீர், எல்லாவற்றுக்கும் மேலே மறுபடியும் உறைந்த பாட்டில், ஏனென்றால் குளிர்ச்சி கீழே இறங்குமே தவிர மேலே ஏறாது. சந்துபொந்தெல்லாம் துண்டைச் சுருட்டி அடைத்தாள். காற்று இருக்கிற இடத்தில் சூடு வந்து உட்கார்ந்துகொள்ளும். தனபாலன் காரைத் துடைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்னத்துக்கு இது? பால்காய்ப்புக்குப் போறமா, டூர் போறமா?” “குடிக்கிறதுக்கு.” “யாரு குடிக்க?” “நான்.” “நீதான் கார்ல குடிக்க மாட்டியே.” அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, மறந்துபோனவளுக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி, உனக்குக் கத்திரிக்காய் ஆகாதே என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அவள் பெட்டியைத் தூக்கினாள். கனத்தது. அந்தக் கனம் அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்போது குடிக்கலாமா என்று நினைத்தாள். குடிக்கலாமா என்ன குடிக்கலாமா, யாரிடம் கேட்கிறாய்? குடித்தால் போகவேண்டி வரும். வரட்டும். வந்தால் எங்கே போவாய்? எங்கேயாவது. எங்கேயாவது என்றால் எங்கே, இரண்டு பக்கமும் பொட்டல், சீமைக்கருவேலம், நடுவில் அரளிச்செடி, லாரிக்காரன், பஸ்காரன், பைக்கில் போகிறவன். இந்தக் கணக்கு அவள் மண்டைக்குள் போடத் தெரியாத கணக்கு இல்லை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு நேரம், கிளம்புமுன் எப்போது போனோம், காப்பி குடிக்கலாமா கூடாதா, பாதிக் காப்பி குடிக்கலாமா. பெண்ணாய்ப் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும், அம்மா சொல்லித் தரவேண்டியதுகூட இல்லை. பஸ் பயணத்துக்கு முதல்நாளே தண்ணீரைக் குறைத்துக்கொள்வாள் அம்மா, கேட்டால் ‘பஸ்ல குமட்டும்’ என்பாள், குமட்டலுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காமலே பிள்ளைக்குப் புரிந்துவிடும். பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்டு முன்னால் உட்கார்ந்தால், எந்திரிப்பதற்கு மேற்பார்வையாளரைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும். அவர் ஒன்றும் பொல்லாதவர் இல்லை, போம்மா என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கையைத் தூக்கினால் இவள் எதற்குத் தூக்குகிறாள் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அதனால் தூக்கவே இல்லை. ‘டிரங்க் கால் கனெக்ட் ஆயிருச்சு, பேசுங்க’ என்று ஊர் முழுக்க உள்ளவர்களின் சாவையும் பிறப்பையும் ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்கு அனுப்பிக்கொண்டே, அடிவயிற்றைச் சுருக்கிப் பிடித்தபடி, காலை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே ஓடுவாள். தனபாலனின் அம்மா கூடத்தில் இருந்து பார்த்துவிட்டு, ‘வந்ததும் வராததுமா ஓட்டத்தப் பாரு’ என்பாள்.

கையை நீட்டிப் போர்வையை விலக்கி மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து குளிர் முழங்கைவரை ஏறியது. மேல் பாட்டிலில் ஐஸ் இன்னும் கல்லாக இருந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கண்ணாடி மாதிரி உருகியிருந்தது. சட்டென்று மோர் பாட்டிலை உருவிக்கொண்டு மூடியை அழுத்தினாள், திறந்து வைத்தால் அவ்வளவு பாடும் வீண். தனபாலன் ஓரக்கண்ணால் பார்த்தார். “இப்பவேவா?” இப்பவேவா என்றால்? எப்போது? திருச்சிக்குப் போய் இறங்கி, அவர் அக்கா தெய்வானை வாசலில் ஆரத்தி எடுத்து, ‘வா ஜெயக்கொடி’ என்று கையைப் பிடித்து, அந்தக் கையை உதறிக்கொண்டு பாத்ரூமைத் தேடி ஓடிய பிறகா? பாட்டிலைத் திருகித் திறந்து வாய்வைத்துக் குடித்தாள். இஞ்சியும் பச்சைமிளகாயும் பெருங்காயமும் உப்பும் சேர்ந்து ஐஸாக உள்ளே இறங்கியது, பல் கூசியது, நெற்றிப்பொட்டில் ஒரு வலி குத்தி மறைந்தது, தொண்டையிலிருந்து நெஞ்சுவரை எந்த வழியாகப் போகிறது என்று ஒவ்வொரு அங்குலமும் தெரிந்தது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷம்? வெளியே கத்திரி வெயிலில் தார் ஈரம் போல மின்னியது, கிட்டப் போகப் போக அந்த ஈரம் தள்ளித் தள்ளிப் போனது. அவள் பாட்டிலை இறக்கி மூச்சு வாங்கி, மறுபடியும் குடித்தாள். குடிப்பேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையே, யாரிடம் சண்டைக்கு நிற்கிறாய் என்று அவளே கேட்டுக்கொண்டாள். தெரியவில்லை. இருந்தாலும் குடிப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பெண் சொன்னதும் இதைத்தான். போன மழைக்காலத்தில் குளிர்ஜுரம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடியது. பல் அடித்துக்கொண்ட சத்தத்தைத் தனபாலன் அடுத்த அறையிலிருந்து கேட்டுவிட்டு வந்தார். அடைத்து அடைத்து வைத்த தொற்று மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்றார்கள். டாக்டர், மகள் வயசு இருக்கும், கட்டிலோரம் உட்கார்ந்து, ‘ஆன்ட்டி, நீங்க தண்ணியே குடிக்கிறதில்லையா?’ என்றாள். ‘பிரயாணம்னா குடிக்க மாட்டேன்.’ ‘பிரயாணம் இல்லாதப்போ?’ வீட்டில் இருக்கும்போதும் ஏதோ ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரியேதான் இருந்திருக்கிறாள் போல. யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று தெரிந்த பஸ். ‘இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி தாங்காது ஆன்ட்டி. குடிங்க. வந்தா போங்க. அவ்வளவுதான் வைத்தியம்.’ வந்தா போங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஜெயக்கொடிக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது, ஜுரத்தினால் என்று நினைத்து நர்ஸ் நெற்றியில் துணி போட்டாள். தனபாலன் அப்போது வெளியே மருந்துச்சீட்டோடு நின்றார், இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும்?

கொட்டாம்பட்டி வருவதற்குள் நன்னாரியும் பாதி இறங்கிவிட்டது. வேண்டுமென்றே குடித்தாள் என்றுகூடச் சொல்லலாம். பிறகு அது வந்தது, அவள் எதிர்பார்த்த மாதிரியே, முதலில் லேசாக, யாரோ கதவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு இன்னும் தட்டாமல் இருக்கிற மாதிரி. “ஏங்க, எங்கயாவது பாத்து நிறுத்துங்க.” “எதுக்கு?” “போகணும்.” “எங்க?” அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். “இதுக்குத்தான் சொன்னேன், கார்ல குடிக்காதன்னு. முன்னால டோல்கேட் வருது, அங்க பாத்துக்கலாம்.” டோல்கேட்டில் அவர் நிறுத்த மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். வரிசையில் ஃபாஸ்டேக் அடித்து கேட் தூக்கியதும் வண்டி தானாகப் பாய்ந்துவிடும், ‘அடடா, தாண்டிருச்சே, பரவால்ல, அடுத்தது பெட்ரோல் பங்கு’ என்பார், பங்கும் தாண்டிவிடும், திருச்சி வந்துவிடும். கோபமாக நிறுத்தாமல் இருக்கிற ஆள் இல்லை அவர், சும்மா நிறுத்தாமல் இருக்கிற ஆள். அதில்தான் சண்டைக்கே இடமில்லாமல் போய்விடுகிறது. அங்கே தெய்வானை மதினி காத்திருப்பாள். பேரன் கட்டின புதுவீடு, சொந்தபந்தமெல்லாம் கூடத்தில் ஜமக்காளத்தில். சாப்பாடு முடிந்து வெற்றிலை வந்ததும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்கள், அநேகமாக இவரேதான். ‘நம்ம கலர் பொண்ணு கதை தெரியுமா?’ புதிதாக வந்த மருமகள் தெரியாது என்பாள், தெரிந்தாலும் தெரியாது என்பாள், அதுதான் மரியாதை. கல்யாணத்தன்றைக்குத் தூத்துக்குடியிலிருந்து அம்பாசடர் காரில் அழைத்துக்கொண்டு வருகிறோம், சாத்தூரில் மச்சான் இறங்கி எல்லாருக்கும் கலர் சோடா வாங்குகிறார், ஐஸ் போட்ட தொட்டியிலிருந்து அப்படியே எடுத்த ஆரஞ்சுக் கலர், பொண்ணு கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தால், ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, அப்படியே மடியில் கொட்டிவிட்டாள்! புதுப்பட்டு, புது சீட்டு, எங்கம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள், ஒரு பாட்டிலைப் பிடிக்கத் தெரியாத பிள்ளையையா கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று. எல்லாரும் சிரிப்பார்கள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். அவளும் சிரிப்பாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் தனியாக ஒரு தசையே வளர்த்துவிட்டது.

கதவுக்கு வெளியே நின்றது இப்போது தட்ட ஆரம்பித்தது. அவள் காலை நெருக்கிக்கொண்டாள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள், பெல்ட் அடிவயிற்றை அறுத்தது, கையால் பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இதே மாதிரித்தான் அன்றைக்கும். விடியுமுன் கட்டின சேலை, எத்தனையோ ஊசி குத்தி, இடுப்பில் ஒட்டியாணம் வைத்து இறுக்கி, அதற்குப் பிறகு தாலி, பந்தி, போட்டோ, குலசாமி கோயில், ஒவ்வொன்றும் முடியும் முடியும் என்று நினைத்து நினைத்து. யாரிடம் சொல்வது? ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் மதினி, முன்சீட்டில் அன்றைக்குக் காலையிலிருந்து புருஷனான ஒரு ஆள், மதினியின் புருஷன், டிரைவர். கோவில்பட்டியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அம்மாவை விட்டு வருகிற அழுகை என்று மதினி தோளைத் தட்டினாள், அந்தத் தட்டலில் உயிர் போய் உயிர் வந்தது. சாத்தூரில் கார் நின்றதும் ஆம்பளைகள் எல்லாரும் இறங்கி, நிதானமாக, பேசிக்கொண்டே, ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு மதில் ஓரமாகப் போனார்கள். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு முதுகாக நின்றார்கள். அவ்வளவு சுலபமாக. அவர்கள் திரும்பி வந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே, ‘பொண்ணுக்கு முதல்ல குடு’ என்று அந்தப் பாட்டிலை நீட்டினார்கள். ஐஸிலிருந்து எடுத்த பாட்டில். அந்தக் குளிர் உள்ளங்கையில் பட்டது, பட்ட அந்தக் கணம், கையிலிருந்து ஒரு கம்பி நேராக அடிவயிற்றுக்கு இழுத்த மாதிரி, எல்லாம் விட்டுப் போனது. வெதுவெதுப்பாக. அவளால் தடுக்கவே முடியவில்லை. பரவுவது தெரிந்தது. இன்னும் ஒரு நொடியில் மதினிக்கும் தெரிந்துவிடும். யோசித்தாளா இல்லையா, இன்றுவரை அவளுக்கே தெரியாது, கை தானாகத் திரும்பிப் பாட்டிலைத் தலைகீழாக மடியில் கவிழ்த்தது. சில்லென்று ஆரஞ்சு நிறம் எல்லாவற்றையும் மூடியது. ‘ஐயோ பட்டு!’ என்று மதினி கத்தினாள். அந்தக் கத்தலில் அவள் பிழைத்தாள். விவரம் தெரியாதவள், கைநடுங்கி, கலர் பொண்ணு, என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அதைச் சொல்லவில்லை. பத்தொன்பது வயசுப் பிள்ளை எவ்வளவு சாமர்த்தியமாக இருந்திருக்கிறாள் என்று இப்போது நினைத்தபோது ஜெயக்கொடிக்கு அவமானமே வரவில்லை. அந்தப் பிள்ளையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு கோபம். பெருங்கோபம்.

டோல்கேட் வந்தது, கேட் தூக்கியது, வண்டி பாய்ந்தது. “அடடா” என்றார் தனபாலன். “நிறுத்துங்க.” “இந்தா, அடுத்தாப்புல ஒரு பங்கு…” “கலரை நான் கைதவறிக் கொட்டல.” அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது, எக்ஸ்சேஞ்ச் குரல், லைனைக் கனெக்ட் செய்கிற குரல். “எந்தக் கலர?” “கல்யாணத்தன்னைக்கு. சாத்தூர்ல. அடக்க முடியாம எனக்குச் சேலையிலயே போயிருச்சு. அது தெரியக்கூடாதுன்னு கலர எடுத்து மேல ஊத்திக்கிட்டேன். நீங்கெல்லாம் எறங்கிப் போயிட்டு வந்தீக. எனக்குப் போகணுமான்னு ஒருத்தரு கேக்கல. இத்தன வருஷமா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீக. இப்ப நிறுத்துறீகளா, இல்ல இந்த சீட்டுலயும் போகட்டுமா? எனக்கு ஒண்ணும் இல்ல. இன்னைக்கு மேல ஊத்தி மறைக்க மாட்டேன்.” ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டது அவளுக்கு உடம்பில் தெரிந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது. அவர் கண் ரோட்டிலேயே இருந்தது, ஆனால் ரோட்டைப் பார்க்கிற கண்ணாக இல்லை. இன்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. ஒரு பெட்ரோல் பங்குக்குள் வண்டி திரும்பி, நிழல் இருக்கிற இடமாகப் பார்த்து நின்றது.

இறங்கி நடந்தாள். நடப்பது பெரும்பாடாக இருந்தது, ஒவ்வொரு அடியையும் கேட்டுக் கேட்டு வைக்கவேண்டியிருந்தது. பின்பக்கச் சுவரில் ஆண்கள் என்று எழுதின கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள் என்று எழுதின கதவில் பூட்டு. சரிதான் என்று நினைத்தாள். பூட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். முந்தின ஜெயக்கொடி இந்த இடத்தில் திரும்பிக் காருக்குப் போயிருப்பாள், ‘பூட்டிருக்குங்க, பரவால்ல, திருச்சில பாத்துக்கலாம்’ என்று சொல்லியிருப்பாள், அந்தப் பரவால்லையைச் சொல்லிச் சொல்லித்தான் மூன்று போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தாள். ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். மேஜைக்குப் பின்னால் ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார், நாற்காலியில் இரண்டு லாரிக்காரர்கள். “லேடீஸ் டாய்லெட் சாவி குடுங்க.” “அது ரிப்பேர்மா. தண்ணி வரல.” “பரவால்ல, தண்ணி எங்கிட்ட இருக்கு.” “இல்லம்மா, முகம் கழுவணும்னா வெளிய குழாய் இருக்கு பாருங்க…” முகம் கழுவணும். அவள் ஆயுசில் எத்தனை வீடுகளில் எத்தனை பேரிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பாள். முகம் கழுவணும், கைகால் கழுவணும், சேலையைச் சரிபண்ணிக்கணும். லாரிக்காரர்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். “முகம் இல்லங்க. எனக்கு ஒண்ணுக்குப் போகணும். சாவியக் குடுங்க.” அந்தச் சொல் கண்ணாடி அறைக்குள் முழுசாக ஒலித்தது. கூரை இடிந்து விழவில்லை. லாரிக்காரர்களில் பெரியவர், “அட குடுப்பா, அம்மா கேக்குதுல்ல” என்றார், ஏதோ அவரே முதலில் கேட்ட மாதிரி. இழுப்பறையிலிருந்து சாவி வந்தது. உள்ளே ஒட்டடை, உடைந்த வாளி, தரையில் மண். ரிப்பேர் எல்லாம் ஒன்றும் இல்லை, யாரும் திறக்காததுதான். குழாயைத் திருகினாள், முதலில் காற்றாக இருமிவிட்டுத் தண்ணீர் வந்தது. பிறகு அவள் உட்கார்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், அவசரப்படவில்லை. வெளியே யார் காத்திருந்தாலும் இருக்கட்டும். சாத்தூர் மதில் ஓரமாக அன்றைக்கு அவர்கள் நின்ற நிதானம் எவ்வளவோ அவ்வளவும் எடுத்துக்கொண்டாள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, “பூட்டாதீங்க, நல்லாத்தான் இருக்கு, கூட்டி மட்டும் விடச் சொல்லுங்க” என்றாள். மேஜைக்காரர் சரிம்மா என்றார், செய்வாரோ மாட்டாரோ. தனபாலன் காரிலிருந்து கீழே இறங்கிப் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஐஸ் பெட்டி மூடியையும் திறந்து வைத்திருந்தார். “திறந்து போட்டா ஐஸ் உருகிரும்” என்று சொல்லிக்கொண்டே வந்து மூடினாள். அவர் முகம் வெயிலில் சிவந்திருந்தது, வெயிலால் மட்டும் இல்லை. “எனக்குத் தெரியாது ஜெயக்கொடி” என்றார். “தெரியாதுதான்.” தெரியாது என்று அவர் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குப் பட்டது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு வசதிதானே, ஏசி மாதிரி, உள்ளே இருக்கிறவருக்குத் தெரியாது வெளியே எத்தனை சூடென்று. அதைச் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டிருந்தார். “அக்காகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. நாலு பேரு இருப்பாங்க.” அப்பாடா, வந்துவிட்டது. ஒரு நிமிஷம் அவர் மேல் இரங்கப் போனதே தப்பு. “நான் எதுக்குச் சொல்லப் போறேன்? நீங்க கலர் பொண்ணு கதைய ஆரம்பிச்சா மட்டும் மீதிய நான் சொல்லுவேன். ஆரம்பிக்கிறதும் ஆரம்பிக்காததும் உங்க இஷ்டம்.” “ஆரம்பிக்க மாட்டேன்.” “மதினி ஆரம்பிச்சாலும் சொல்லுவேன்.” அவர் தலையை ஆட்டினார், சரியென்றா ஐயோவென்றா தெரியவில்லை.

அவள் எலுமிச்சை பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவர் கழுத்தெல்லாம் வேர்வை, உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது, காலையிலிருந்து அவரும் ஒன்றும் குடிக்கவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் தாகத்திலேயே இருந்துவிட்டாள். வாங்கி ஒரு மடக்குக் குடித்தவர், கண்ணை மூடி, இன்னொரு மடக்குக்குப் பாட்டிலைத் தூக்கி, பாதியிலேயே இறக்கி மூடியைத் திருகினார். “குடிங்க.” “போதும்.” “நாக்கு வறண்டு கெடக்கு, முழுசும் குடிங்க.” “வேணாம்மா. அப்புறம் எனக்கும்…” அவ்வளவில் நிறுத்திக்கொண்டார். எனக்கும் என்ன? அவர் பங்கின் பின்சுவரைப் பார்த்தார், பார்க்காத மாதிரி. கொஞ்ச நாளாகவே பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றுகொண்டிருப்பதும், வெளியே வந்ததும் கேட்டால் ஷேவிங் என்பதும், தாடையில் முள்முள்ளாக அப்படியே இருப்பதும் சேர்ந்து வந்து அவள் முன்னால் நின்றன. நின்றாலும் வராமல், வந்தாலும் முடியாமல், பக்கத்தில் யாராவது வந்து நின்றால் அதுவும் நின்றுபோய். அதற்குப் பயந்துகொண்டு எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டுகிறவர். இது எப்போதிருந்து? அன்றைக்கு மதில் ஓரம் நின்ற ஆள் இல்லை இவர், அந்த ஆள் எங்கேயோ போய்விட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பாவம் என்றும் உடனே தோன்றவில்லை. நீயுமா என்றுதான் தோன்றியது. நீயும் சொல்லாமல், டாக்டரிடம் போகாமல், ஒட்டகம் என்று என் பெயரில் எழுதி வைத்துவிட்டு. “எப்ப இருந்து?” “அது கெடக்கு.” “கெடக்காது. திருச்சியில நாளைக்கு டாக்டரப் பாக்குறோம்.” “பால்காய்ப்ப வச்சுக்கிட்டு டாக்டரா?” “பால் காலையில பொங்கிரும். மத்தியானம் டாக்டரு. இப்ப இதக் குடிங்க. எத்தன தடவ வேணும்னாலும் நிறுத்துவோம். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் கார்ல உக்காந்திருக்கேன், ஒருத்தரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல.” அவர் பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு பிள்ளை மருந்து குடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கடைசிவரை குடித்தார். தொண்டைமுடிச்சு ஏறி ஏறி இறங்கியது. குடித்து முடித்து, காலிப் பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்தத் திறந்து ஆடிக்கொண்டிருந்த கதவைப் பார்த்து நடந்தார், மெதுவாக.

அவள் முன்சீட்டில் கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்தாள். அனல் அடித்தது. பரவாயில்லை. பங்கின் ஓரத்தில் வேப்பமரம் ஒன்று, அதன் நிழலில் ஒரு நாய் வாயைத் திறந்து நாக்கை வெளியே போட்டுக் கிடந்தது. நேரம் போனது. லாரி கிளம்பிப் போனது. பெரியவர் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டுப் போனார். தனபாலன் வரவில்லை. அவள் கூப்பிடவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்த அவருடைய போன் அடித்தது, திரையில் ‘அக்கா’ என்று வந்தது. எடுத்தாள்.

“என்னடா தனபாலு, விராலிமலை தாண்டிட்டியா? சோறு சூடா இருக்கும்போதே வந்துருவன்னு பந்திய நிறுத்தி வச்சிருக்கேன்.”

“நான் ஜெயக்கொடி பேசுறேன் மதினி. இன்னும் தொவரங்குறிச்சியே தாண்டல. பந்திய நடத்துங்க, எங்களுக்குக் காத்திருக்க வேணாம்.”

“தொவரங்குறிச்சியா! எப்பவும் ஒரே மூச்சுல வர்றவன் ஆச்சே. என்ன ஆச்சு, வண்டில கோளாறா?”

தூரத்தில் அவர் வெளியே வருவது தெரிந்தது, கையை உதறிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. ஜெயக்கொடி பின்னால் கையை நீட்டி இளநீர் பாட்டிலை எடுத்தாள், தோளில் போனை இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகினாள்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு மதினி. நாங்க தண்ணி குடிச்சிக் குடிச்சி வாறோம்.”